அடுக்களைப் பகுதி: பறங்கிப் பூரணம், இரவுக்கு ஓர் இலகுவான உணவு



மார்கழி பிறந்துவிட்டது. மௌலா அலிக் குன்றின் பக்கமிருந்து வரும் காற்றில் குளிர் ஏறியிருக்கிறது. ஹைதராபாத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பம் 15 பாகையை ஒட்டி இறங்கும். சில நாட்களில் அதற்கும் கீழே போய்விடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மார்கழியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சற்றுக் கடுமையான குளிர்தான். மாலை ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. பசியும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஆனால், பசி ஒரே நேரத்தில் வந்தாலும், வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு வந்து சேர்வதில்லை. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் அதுவே.

1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தென் மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது. அப்போது தென்னக இரயில்வேயைச் சேர்ந்திருந்த விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்கள் அதனுடன் இணைக்கப்பட்டன. 1967-இல் ஈ.சி.ஐ.எல். நிறுவனமும், 1971-இல் அணு எரிபொருள் வளாகமும் இப்பக்கத்தில் ஏற்பட்டன. இரயில்வே உத்தியோகத்தை முன்னிட்டும், தொழிற்சாலை வேலையை முன்னிட்டும் வந்த தமிழ்க் குடும்பங்கள் மௌலா அலி, மல்காஜ்கிரி, குஷாயிகூடா பகுதிகளில் குடியமர்ந்து இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. இரயில் எஞ்சின் பணிமனைக்கு இரவென்றும் பகலென்றும் பேதமில்லை. தொழிற்சாலையிலும் மூன்று ஷிப்டுகள். இப்போது பிள்ளைகள் கணினி நிறுவனங்களுக்குப் போகிறார்கள். அவர்களுடைய நேரமோ அமெரிக்காவின் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறது.

இத்தகைய வீடுகளில் இரவுச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழரை மணிக்குச் சாப்பிடுவார்கள். பெரியவர்கள் எட்டு மணிக்குள் முடித்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு வருபவருக்கு ஆறிய சாதமும், கலங்கிய குழம்பும், பாத்திரத்தின் அடியில் ஒட்டிய கறியும் மிஞ்சியிருக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் தாய்க்கோ அதுவும் மிஞ்சுவதில்லை. நாள் முழுவதும் உழைத்தவர் இருவரும் மற்றவர்கள் உண்டு எஞ்சியதை உண்ணுகிறார்கள். யாரும் வேண்டுமென்று இவ்வாறு செய்வதில்லை. ஒரே பாத்திரத்தில் சமைத்து நான்கு வேளையாகப் பிரித்துப் பரிமாறும்போது இப்படித்தான் ஆகிறது.

இதற்கு மாற்றாக, வாரத்தில் ஒரு நாளேனும், ஒவ்வொருவருடைய பங்கும் முன்கூட்டியே தனியாக அமைந்துவிடும் உணவு ஒன்றைச் செய்தால் என்ன? காயே பாத்திரமாகவும், காயே மூடியாகவும் அமையும் உணவு அது. சிறிய பறங்கிக்காயைக் குடைந்து, அதனுள் தினையும் பருப்பும் சேர்ந்த பூரணத்தை அடைத்து, ஆவியில் வேகவைப்பது. இரண்டு பேருக்கு ஒரு காய். முன்னே உண்பவர்களுக்கு ஒன்று, பின்னே உண்பவர்களுக்கு ஒன்று. பின்னே உண்பவருக்கும் மூடி திறவாத முழுக் காய் காத்திருக்கும்.

பெயர்க் குழப்பம்

கடைக்குப் புறப்படுமுன் பெயரைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம். தஞ்சைப் பக்கத்தில் பறங்கிக்காய் என்பதைச் சென்னையில் மஞ்சள் பூசணி என்கிறோம். கோவைப் பக்கத்தார் அரசாணிக்காய் என்பார்கள். வெறுமனே பூசணி என்றால், சிலருக்கு மஞ்சள் காயும் சிலருக்குச் சாம்பல் பூத்த வெள்ளைக் காயும் நினைவுக்கு வரும். அந்த வெள்ளைக் காய்க்குத் திருநெல்வேலியில் தடியங்காய் என்று பெயர். ஒரே சங்கத்தில் உள்ள நமக்குள்ளேயே இவ்வளவு பேதம்!

ஹைதராபாத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வட இந்தியாவில் கத்து என்றால் பறங்கிக்காய். ஆனால் இந்நகரத்து உருது வழக்கில் கத்து என்றால் பெரும்பாலும் சுரைக்காய். இங்கே புகழ்பெற்ற கத்துக் கீர் என்னும் பாயசமும், தால்ச்சாவில் விழும் கத்துத் துண்டுகளும் சுரைக்காயே. ஆகையால் கத்து என்று கேட்டுவிட்டுச் சுரைக்காயோடு வீடு திரும்புவது இங்கே புதிதாக வந்தவர்களுக்கு நேரக்கூடியதே. உருது பேசும் கடைக்காரரிடம் மீட்டா கத்து என்று கேளுங்கள். தெலுங்கில் கும்மடிகாய என்பது பொதுப்பெயர். தீபி கும்மடி என்றால் இனிப்பான மஞ்சள் காய், பூடித கும்மடி என்றால் சாம்பல் பூத்த வெள்ளைக் காய். நமக்கு வேண்டியது தீபி கும்மடி.

கடல் கடந்து வந்த காய்

நம் வீட்டுப் பொங்கலுக்கும் திருவாதிரைக் கூட்டுக்கும் பறங்கிக்காய் இன்றியமையாதது. மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையாரின் தலையில் வைப்பதும் இக்கொடியின் மஞ்சள் பூவையே. தெலுங்கு நாட்டுச் சகோதரிகள் சங்கராந்தி மாதத்தில் வாசலில் வைக்கும் கொப்பெம்மாக்களிலும் இதே பூ இருக்கக் காண்கிறோம். ஆயினும், இவ்வளவு உரிமையோடு நம் வாசல்வரை வந்துவிட்ட இக்கொடியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டின் ஓஹாக்கா மாநிலத்தில் உள்ள ஒரு குகையில், இவ்வினத்தைச் சேர்ந்த காயின் விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை எனக் கண்டறியப்பட்டுள்ளன. ஐரோப்பியர் கடல் வழி கண்ட பின்னரே இது ஆசியாவுக்கு வந்தது. போர்த்துக்கீசியரை நம் முன்னோர் பறங்கியர் என்று அழைத்தார்கள். அந்தப் பெயரின் சாயல் இக்காயின் மேல் இன்றும் நிற்கிறது.

ஜப்பானியர் கதையும் இதைப் போன்றதே. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியக் கப்பல்கள் கம்போடியாவிலிருந்து இக்காயை அங்கே கொண்டு சேர்த்தன. கம்போடியா என்ற நாட்டின் பெயரே திரிந்து, கபோச்சா என்று காய்க்குப் பெயராயிற்று. ஆண்டில் மிக நீண்ட இரவாகிய குளிர்கால நாளன்று கபோச்சா உண்பது அவர்களிடையே இன்றும் வழக்கம். ஆர்மீனியா நாட்டில் பறங்கிக்காயைக் குடைந்து, அரிசி, உலர்ந்த பழங்கள், பருப்புகள், தேன் ஆகியவற்றை அடைத்துச் சுட்டெடுப்பார்கள். கபாமா என்பது அதன் பெயர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் குடும்பத்தார் கூடியிருக்கையில் அதைத் திறந்து கீற்றாக அறுத்துப் பகிர்வார்கள். ஆக, இக்காயைக் குடைந்து அடைப்பது நாம் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. போன இடமெல்லாம் ஒரு பெயரும் ஒரு பக்குவமும் பெற்ற காய், நம் கையிலும் ஒன்றைப் பெறட்டும்.

மேல்நாட்டார் இவ்வினக் காய்களைக் குளிர்காலக் காய் என்று சொல்லுகிறார்கள். குளிர்காலத்தில் விளைவதால் வந்த பெயர் அன்று. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் முற்றவிட்டுப் பறித்து, கெட்டியான தோலின் துணையால் பனிக்காலம் முழுவதும் சேமித்து வைத்து உண்ணலாம் என்பதால் வந்த பெயர். நமக்கும் அது பயனுள்ள செய்தி. வெட்டாத முற்றிய காயை ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் இரண்டு மூன்று மாதங்கள் கெடாது. வெட்டிய பின்னரோ, குளிர்பெட்டியில் வைத்தாலும் மூன்று நான்கு நாட்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

காயைத் தேர்ந்தெடுத்தல்

குஷாயிகூடா ரைத்து பஜாரிலும், செகந்திராபாத் மோண்டா மார்க்கெட்டிலும் பெரிய காய்களைக் கீற்றாக அறுத்து விற்பார்கள். நமக்கு வேண்டியது 750 முதல் 800 கிராம் எடையுள்ள சிறு காய். சிறிய ரகங்கள் இப்போது பயிராகின்றன, கேட்டு வாங்கலாம். காம்பு உலர்ந்து தக்கை போல் இருக்க வேண்டும். தோல் பளபளப்பின்றி மங்கியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியக் கூடாது. அளவுக்குத் தகுந்ததைவிடக் கனமாகக் கையில் உட்கார வேண்டும். அடி தட்டையாக உள்ள காயாகப் பார்த்து எடுங்கள். பானைக்குள் சாயாமல் நிற்கும்.

சிறு காய் அகப்படாவிட்டால் மனம் தளர வேண்டாம். பெரிய காயில் நான்கு கீற்றுகள் வாங்கி, விதையிருந்த பள்ளத்தைச் சற்று ஆழமாக்கி, தோணி போல் வைத்து, அதில் பூரணத்தை நிரப்பி வேகவைக்கலாம். மூடி இராது, சுவையில் குறைவில்லை. ஆளுக்கு ஒரு தோணி என்பதால் பங்கும் தனியாகவே அமையும்.

இலகுவான உணவு எப்படி?

பறங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். 100 கிராம் காயில் ஏறத்தாழ 25 கலோரியே உண்டு. அதே எடையுள்ள சாதத்தில் ஏறத்தாழ 130. மாவுச்சத்தும் அப்படியே: காயில் ஆறு ஏழு கிராம், சாதத்தில் 28 கிராம் அளவு. வயிறு நிறையும், ஆனால் படுக்கும்போது பாரம் இராது. காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் என்னும் பொருளை நம் உடல் ஏ வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது. அது உடலில் சேர்வதற்குச் சிறிது எண்ணெய்ப் பசை வேண்டும். ஆகையால் கீழே சொல்லியிருக்கும் நல்லெண்ணெயை முற்றிலும் நீக்கிவிடாதீர்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் தினையும் மாவுச்சத்துள்ள தானியமே என்பதை நினைவில் வைத்து, மருத்துவர் சொல்லிய அளவுக்குள் உண்பது நன்று. அவர்கள் பங்கில் தினையைக் குறைத்துப் பருப்பைக் கூட்டலாம்.

பூரணத்துக்குத் தினையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தினை நமக்குப் பழைய தானியம். முருகப் பெருமானோடும் வள்ளியோடும் சேர்த்து எண்ணிப் பழகியது. இங்கே கொர்ரலு என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கிறது. மசாலைப் பொடிக்கு இந்நாட்டுக் குத்தி வங்காயவைப் பார்த்துக்கொள்வோம். கத்தரிக்காயைப் பிளந்து, வேர்க்கடலை, எள், கொப்பரை வறுத்து அரைத்த மசாலையை அடைத்துச் செய்யும் அந்தக் கறியை அண்டை வீட்டாரிடமிருந்து நம்மில் பலர் கற்றிருக்கிறோம். ஆவியில் வேகவைப்பது மட்டும் நம் இட்லிப் பானையின் உபகாரம்.

தேவையான பொருள்கள் (நான்கு பேருக்கு)

பறங்கிக்காய், 750 முதல் 800 கிராம் எடையில் 2. தினை 80 கிராம். பாசிப்பருப்பு 40 கிராம். சின்ன வெங்காயம் 100 கிராம். பச்சை மிளகாய் 2. இஞ்சி ஒரு விரற்கணு அளவு. எலுமிச்சம்பழம் அரை மூடி. நல்லெண்ணெய் 1 மேசைக்கரண்டி. கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு ஆகியவை வேண்டிய அளவு.

பொடிக்கு: வேர்க்கடலை 30 கிராம், எள் 1 மேசைக்கரண்டி, கொப்பரைத் துருவல் 2 மேசைக்கரண்டி, கொத்தமல்லி விதை 1 தேக்கரண்டி, மிளகாய் வற்றல் 2.

செய்முறை

முதலில் பாசிப்பருப்பை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளுங்கள். தினையோடு சேர்த்துக் கழுவி 20 நிமிடம் ஊறவிடுங்கள். அதற்குள் காயைக் கவனிக்கலாம்.

முழுக் காயைக் கையில் ஏந்திக்கொண்டு அறுப்பது ஆபத்து. இரண்டு காய்களையும் கழுவி, ஐந்து நிமிடம் ஆவியில் வையுங்கள், தோல் இளகும். பிறகு ஈரத்துணியை மடித்துப் பலகையின் மேல் போட்டு, அதன் மேல் காயை நிறுத்தி, காம்புப் பக்கம் கத்தியைச் சாய்வாக இறக்கி வட்டமாக மூடியை அறுத்தெடுங்கள். நேராக அறுத்தால் மூடி உள்ளே விழும்; சாய்வாக அறுத்தால் மேலேயே உட்காரும். முழுப் பூசணியில் முதற் கத்தியை ஆண் ஒருவர்தான் வைக்க வேண்டும் என்ற வழக்கம் தெலுங்கு நாட்டில் பல வீடுகளில் உண்டு. அவ்வழக்கத்தை நாம் நம்பினாலும் நம்பாவிட்டாலும், கெட்டித் தோலை அறுக்கும் வேலையை வீட்டு ஆண்மக்களிடம் ஒப்படைக்க அது நல்ல சாக்கு!

கரண்டியால் விதையையும் நாரையும் வழித்தெடுங்கள். சுற்றுச் சதை 2 சென்டிமீட்டர் கனத்துக்கு நிற்கட்டும். அடியில் மட்டும் கொஞ்சமும் சுரண்ட வேண்டாம். வெந்தபின் அங்கேதான் ஓட்டை விழும். உட்புறமெங்கும் உப்பும் மஞ்சள் தூளும் தடவி, வாய் கீழாகக் கவிழ்த்து ஆவியில் 10 நிமிடம் வேகவிடுங்கள். இவ்வாறு வெறுமையாக ஒரு தரம் வேகவைப்பதால் பின்னர் சதையும் பூரணமும் ஒருசேரப் பக்குவமாகும். இதைத் தவிர்த்து நேரே அடைத்து வேகவைத்தால் உள்ளே உள்ளது குழைந்துபோக, வெளியே உள்ளது வேகாமல் நிற்கும்.

ஊறிய தினையையும் பருப்பையும் வடித்து, 250 மில்லி தண்ணீரில் சிறிது உப்பிட்டு, சிறு தீயில் மூடி வையுங்கள். 12 நிமிடத்தில் தண்ணீர் வற்றி, பருக்கை பருக்கையாகத் தெரியும். முக்கால் வேக்காடே போதும்; மீதியைப் பறங்கிக்காய் விடும் நீர் பார்த்துக்கொள்ளும்.

பொடிக்குச் சொன்னவற்றைத் தனித்தனியே வறுத்து, ஆறவைத்து, கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளுங்கள். எள்ளைக் கடைசியில் வறுப்பது நல்லது; ஒரு கணம் தவறினாலும் கசந்துவிடும்.

வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் சேர்க்காத வீடுகளில் துருவிய முட்டைக்கோஸ் போடலாம். அடுப்பை அணைத்தபின் தினைக் கலவையையும், பொடியையும், உப்பையும், எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துக் கிளறுங்கள். காய் இனிப்பானது, ஆகவே பூரணத்தில் உப்பும் காரமும் புளிப்பும் ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும். வாயில் போட்டுப் பார்க்கும்போது, இது தனியே உண்ணச் சற்றுக் காரம் என்று தோன்றினால் அளவு சரி.

பூரணத்தைக் காய்களில் அழுத்தாமல் நிரப்பி, மூடியைப் பொருத்துங்கள். இரண்டு காய்களும் ஒரே பானையில் அடங்குவது அரிது. இட்லிப் பானையில் ஒன்றும், வெயிட் போடாத குக்கரில் ஒன்றுமாக வைக்கலாம். கிண்ணம் போன்ற தட்டில் துணி விரித்து, அதன் மேல் காயை வைத்தால் எடுக்கும்போது துணியோடு தூக்கிவிடலாம். 20 நிமிடம் ஆவியில் வெந்ததும், தென்னை ஈர்க்கால் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். தடையின்றி இறங்கினால் பதம். தோல் வெடித்துச் சரியத் தொடங்கினால் பதம் தப்பிவிட்டது; அப்போது கிண்ணத்தில் எடுத்து மசித்துப் பரிமாறுங்கள், ருசி போய்விடாது.

இந்நகரத்துப் பிரியாணிக்குத் தம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: பானையின் வாயை மாவால் ஒட்டி, உள்ளே எழும் ஆவியிலேயே வேகவிடுவது. விரும்பினால் நீங்களும் பறங்கி மூடியின் விளிம்பில் பிசைந்த கோதுமை மாவை ஒட்டிப் பாருங்கள். மணம் வெளியேறாமல் உள்ளேயே நிற்கும்.

கடிகாரத்தைப் பார்த்துச் சமைத்தல்

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு நேரக் கணக்கு முக்கியம். பொடியை ஞாயிற்றுக்கிழமையே செய்து புட்டியில் வைத்துக்கொள்ளலாம். ஆறரை மணிக்குத் தினையையும் பருப்பையும் ஊறப்போட்டு, காயை ஆவியில் வைத்து அறுக்கத் தொடங்கினால், ஏழு மணிக்குள் காயும் தினையும் பாதி வேலையைக் கடந்துவிடும். ஏழேகாலுக்குப் பூரணம் தயார். ஏழே முக்காலுக்கு முதற்காய் தட்டுக்கு வந்துவிடும். ஆவியில் வேகும் நேரத்தில் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பாடத்தைப் பார்க்கலாம்.

பின்னே வருபவரின் காயை முழுமையாக வேகவைத்து ஆறவிட வேண்டாம். வெறுமையாக 10 நிமிடம் வேகவைத்த ஓட்டில், ஆறிய பூரணத்தை நிரப்பி, மூடியோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பணிமனையிலிருந்து புறப்படும்போது, கிளம்பிவிட்டேன் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுப்பை மூட்டலாம். குளிர்ந்த காய்க்கு 30 நிமிடம் பிடிக்கும். அவர் கைகால் கழுவி உட்காரும்போது ஆவி பறக்கும் காய் எதிரே இருக்கும். வேகவைத்த காயை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது உடலுக்கு உகந்ததன்று. குளிர்காலமானாலும் இவ்விதியைக் கடைப்பிடியுங்கள்.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

"இராத்திரிக்குச் சாதமே இல்லையா, அம்மா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாதம் உண்டு பழகியவர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். முதல் வாரம் ஒரு கைப்பிடி சாதம் தனியே வடித்து, மோர் ஊற்றிக் கொடுங்கள். பறங்கியின் மென்மை பல் இல்லாதவர்க்கும் ஏற்றது. ஒரு தம்ளர் மிளகு ரசம் கூட இருந்தால் அவர்களே அடுத்த வாரம் கேட்பார்கள்.

"இனிப்பாக இருக்கிறது, வேண்டாம்" என்று பிள்ளைகள் சிணுங்கலாம். அவர்கள் பங்குக்கு மூடியைத் திறக்கும் உரிமையைக் கொடுங்கள். ஆவி மேலெழ, உள்ளே என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்க்கும் குழந்தை ஒரு வாயாவது உண்ணாமல் போவதில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும், கடைவீதியில் உருதுவும் பேசுகிறார்கள். எல்லாம் நன்மையே. ஆனால் தமிழ் பேசுவதற்கு அவர்களுக்கு வாய்த்திருக்கும் இடம் பெரும்பாலும் வீட்டின் சாப்பாட்டு நேரம் ஒன்றே. ஆளுக்கொரு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னே போய்விட்டால், அந்த இடமும் போய்விடுகிறது. பறங்கிக்காயைத் தனித்தனியாகத் தட்டில் போட்டுக்கொண்டு போக முடியாது. நடுவில் வைத்து, ஒருவர் கீற்றிட, மற்றவர் கை நீட்ட வேண்டியிருக்கிறது. உப்பு எப்படி, ஊரில் இதற்கு என்ன பெயர், பாட்டி இதில் என்ன செய்வாள் என்ற பேச்சு தானாக வரும். அறுசுவையைக் குறிக்கும் சொற்களைக்கூடப் புத்தகத்தைத் திறக்காமல் அங்கேயே கற்றுக்கொடுக்கலாம். எட்டு மணிக்கு இருவரும், பத்து மணிக்கு இருவருமாக உட்கார்ந்தாலும், ஒருவரும் தனியாக உண்ணவில்லை அல்லவா? வீட்டுத் தாய் பின்னே வருபவரோடு இரண்டாவது காயைப் பங்கிட்டுக்கொள்ளட்டும். அன்று அவருக்கும் அடிப்பாத்திரத்துச் சாப்பாடு இல்லை.

வீணாக ஒன்றுமில்லை

வழித்தெடுத்த விதைகளைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உப்புத் தூவி வறுத்தால் மாலை நேரத்துக்கு நல்ல கொறிப்பு. நாரோடு ஒட்டியிருக்கும் சதையை மறுநாள் சாம்பாரிலோ ரசத்திலோ கரைத்துவிடலாம். உண்டபின் எஞ்சிய தோல் மெல்லியதாக இருந்தால், உளுத்தம்பருப்பும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையலாக அரைக்கலாம். கெட்டியாக இருந்தால் தொட்டிச் செடிக்கு எருவாகட்டும். விதைகளில் நான்கைந்தை வறுக்காமல் எடுத்துவைத்து, வீட்டுக்குப் பின்னால் மண் இருந்தால் ஊன்றிப் பாருங்கள். இக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூவின் அடியில் சிறு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. கோலத்துக்குப் பறிக்கும்போது பிஞ்சில்லாத ஆண் பூக்களாகப் பார்த்துப் பறித்து, சிலவற்றைக் கொடியிலேயே விட்டுவைத்தால், வாசலுக்குப் பூவும் கிடைக்கும், அடுக்களைக்குக் காயும் கிடைக்கும்.

உங்கள் வீட்டில் இக்காய்க்கு என்ன பெயர், பூரணத்தில் நீங்கள் எதைச் சேர்த்தீர்கள், பின்னே வந்தவர் என்ன சொன்னார் என்பவற்றை இப்பகுதிக்கு எழுதியனுப்புங்கள். தைமாத இதழில், பொங்கலுக்கு வாங்கிய கரும்பும் மஞ்சள் கொத்தும் மொச்சையும் மிஞ்சினால் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.